14 ஊசி, 18 டியூ

தவணை முறையில் எனக்கு இரண்டு தடவை வலித்திருக்கிறது.

முதல் தடவை ஆறாம் வகுப்பில். தெருமுனை இட்லிக் கடை வாசலில் படுத்துக் கிடந்த நாயின் வாலை நான் மிதித்தேனா, நான் கால் வைக்கப்போன இடத்தில் அது வாலை நீட்டியதா என்பது நாற்பது வருடமாகத் தீராத வழக்கு. தீர்ப்பை மட்டும் அது அன்றைக்கே என் ஆடுசதையில் எழுதிவிட்டது. அந்தக் காலத்தில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி, நாளைக்கு ஒன்றாக 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. குன்னூரில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்திலிருந்து வருகிறது என்று கம்பவுண்டர் பெருமையாகச் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் குன்னூர் என்றால் தேயிலையும் மலை ரயிலும் நினைவுக்கு வரும். எனக்குத் தொப்புள்.

இரண்டாவது தடவை போன அக்டோபரில். கேமரா வாங்கினேன். மொத்தமாகப் பணம் கட்டியிருந்தால் ஒரே நாள் வலியோடு போயிருக்கும். 18 மாதத் தவணை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலையில் வங்கியிலிருந்து செய்தி வரும். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் என் மனைவி அதைப் படித்துவிடுவாள். "டியூ போயிடுச்சுங்க" என்பாள். கம்பவுண்டர் "சட்டையைத் தூக்கு" என்று சொன்ன அதே குரல்.

இவ்வளவு கொடுத்து வாங்கியதை வைத்து எதையாவது எடுத்தாக வேண்டுமே! முதலில் பறவைகளை எடுத்தேன். அதாவது, பறவைகள் உட்கார்ந்துவிட்டுப் போன கிளைகளை எடுத்தேன். அப்புறம் மனைவியை எடுக்கப் போனேன். "பால் பொங்கப் போவுது, தள்ளுங்க" என்றாள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தன்னை எடுத்துக்கொள்ள அவளுக்கு இன்னொரு ஆள் தேவைப்படுவதில்லை. ஏழு டியூ கட்டி முடித்தபோது என் கேமராவில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. நான்கு கோணங்களில்.

இந்த நிலைமையில்தான் மே மாதம் ஊட்டிக்குப் போனோம். தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சியைப் பார்ப்பது மனைவியின் இருபது வருட ஆசை. தேதி பார்த்து ரூம் போட்டவன் நான். போய் இறங்கிய பிறகு, மலர்க் கண்காட்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்று ஆட்டோக்காரர் சொன்னார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத மனைவியோடு ஊட்டிக் குளிரில் நின்றவர்களுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும்.

லாட்ஜ் வாசலில் இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் கடந்து போனது. பின் ஜன்னலில் நீண்ட முகம், நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் தோள்வரை வழியும் பொன்னிறக் கூந்தல். "யாருங்க அந்தப் பொண்ணு, சீரியல்ல பார்த்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. டீக்கடைக்காரர் சிரித்தார். "அது ஆப்கன் ஹவுண்டும்மா. ஆர்ட்ஸ் காலேஜ் கிரவுண்டுல நாய் ஷோ."

அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் மே மாதங்களில் நடத்தும் கண்காட்சி அது; வெள்ளைக்காரர் காலத்துச் சங்கம். பூவைக் காட்டுவதாக அழைத்து வந்து நாயைக் காட்டுகிறேனே என்ற குற்ற உணர்ச்சி எனக்கு இருந்தது. ஆனால் என் தோளில் தொங்கிய பையில் இன்னும் 11 டியூ பாக்கி இருந்தது.

"நாய்னா உங்களுக்குத்தான் ஆகாதே?" என்றாள்.

"டெலி லென்ஸ் இருக்கு" என்றேன். பயந்தவனுக்கென்றே செய்த சாதனம் அது. இருபதடி தள்ளி நின்றால் போதும், நாயின் மீசை மயிரை எண்ணலாம். அதன் பல்லுக்கும் என் ஆடுசதைக்கும் நடுவே இருபதடி புல்வெளி. இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மைதானத்துக்குள் போன ஐந்தாவது நிமிடத்தில் முதல் பாடம் கற்றேன். ஒருவரிடம், "சார், உங்க நாயை ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. "நாய்னு சொல்லாதீங்க. சீசர்." அங்கே நாய் என்ற சொல்லே கிடையாது. 'அவன்', 'பையன்', 'பாப்பா', 'எங்க வீட்டு சின்னவன்'. கேட்டலாக்கில் ஒவ்வொன்றுக்கும் பாளையக்காரர் பட்டம்போல மூன்று வரிக்குப் பெயர். கூப்பிடுவதென்னவோ "டேய் குட்டா" என்றுதான்.

இரண்டாவது பாடம், நிறம். கேமராவுக்குள் இருக்கும் ஒளி அளவி, உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் கண்டால் 'அதிக வெளிச்சம்' என்று குறைக்கும். கறுப்பைக் கண்டால் 'இருட்டு' என்று கூட்டும். சரியான குமாஸ்தா. விதியைத் தாண்டி எதையும் யோசிக்காது. வெள்ளை நாய்க்கு நாம் கையால் வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும், கறுப்பு நாய்க்குக் குறைத்து வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் திருப்பினால் கூடும், எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

விளைவு: 2005-இல் தபால் தலையில் இடம் பிடித்த இனமான ராஜபாளையம், பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாகக் கம்பீரமாக நின்றது. என் படத்தில் அது மழைக்காலத்தில் மூன்று நாள் கொடியில் கிடந்த வேட்டி நிறத்தில் வந்தது. அடுத்தது ஒரு கறுப்பு லாப்ரடார். விபூதி பூசியது போல வந்தது. அதன் சொந்தக்காரர் திரையை எட்டிப் பார்த்துக் கொதித்துப் போனார். "சார், பையன் எப்படிக் கறுப்பு! என்ன சார் இப்படி வெளுத்துட்டீங்க? நல்லா கறுப்பா எடுங்க." பாஸ்போர்ட் படத்திலிருந்து கல்யாண ஆல்பம்வரை 'கொஞ்சம் கலரா போடுங்க' என்று ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சும் நாட்டில், கறுப்பாக எடுக்கச் சொல்லிச் சண்டை போட்ட முதல் மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவரைக் கும்பிடத் தோன்றியது.

மூன்றாவது பாடம்தான் கொடுமை. நின்ற வாக்கில் நாயை எடுத்தால், தலை பெரிதாக, கால் குச்சியாக, பூசணிக்காயில் செருகிய ஈர்க்குச்சி போலத்தான் வரும். அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். கிரேட் டேன் என்றால் லேசாகக் குனிந்தால் போதும். கோம்பைக்கும் சிப்பிப்பாறைக்கும் முட்டி போட வேண்டும். பக் என்றால் குப்புறப் படுக்க வேண்டும். ஈரப் புல்லில் நான் படுத்தேன். படுப்பது சுலபம், என் வயிறே பாதித் தூரம் முன்னால் போய்விடுகிறது. எழுப்புவதற்கு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பக்கின் சொந்தக்காரர். இன்னொருவர் அங்கே காவல் துறை மோப்ப நாயோடு வந்திருந்தவர். அவர் என்னைத் தூக்கிய பிடியில் தொழில் தெரிந்தது.

தரைக்கு இறங்கியதும் இருபதடிக் கணக்கும் போயிற்று. ஒரு ராட்வீலருக்கு முன்னால் முட்டி போட்டு லென்ஸை நீட்டினேன். நாய்களின் ஊரில் முறைத்துப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. லென்ஸோ இமைக்காத ஒற்றைக் கண். நான் படம் எடுக்கிறேன் என்று நான் நினைத்தேன். 'வா, பார்த்துக்கலாம்' என்கிறேன் என்று அது நினைத்தது. தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. "ஒண்ணும் பண்ண மாட்டான் சார்" என்றார் சொந்தக்காரர். இட்லிக் கடைக்காரரும் அன்று இதையேதான் சொன்னார். என் கை தானாகப் போய்த் தொப்புளைப் பொத்திக்கொண்டது. அந்தப் படத்தில் ராட்வீலர் இல்லை. வானமும், தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரமும் இருக்கின்றன.

நாயைப் படமெடுத்தே புகழ்பெற்ற எலியட் எர்விட், நாய்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் தானே குரைப்பாராம். 1974-இல் நியூயார்க்கில் அவர் எடுத்த படம் ஒன்று உலகப் பிரசித்தம். தொப்பி போட்ட ஒரு குட்டிச் சிவாவா, பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், அதற்குப் பக்கத்தில் ஒரு கிரேட் டேனின் கால்கள். மேலே ஒன்றுமில்லை. முகம் சிவாவாவுக்கு மட்டும்தான். அதே மாதிரி ஒன்று எடுப்போமே என்று ஒரு டாஷ்ஹவுண்டையும் அதன் சொந்தக்கார அம்மாளின் செருப்பையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து, நாய் திரும்புவதற்காக அடிவயிற்றிலிருந்து ஒரு குரை குரைத்தேன். டாஷ்ஹவுண்டு காதைக்கூட அசைக்கவில்லை. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பிறகு, எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதது போல மிளகாய் பஜ்ஜி விற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

செருப்புப் படத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டார்: "என்னங்க, எம் மூஞ்சியே வரலை?"

"நாயை... பாப்பாவை மட்டும் எடுக்கச் சொன்னீங்களே?"

"ஆமா. அதுக்காக?"

நாய்க் கண்காட்சியில் படமெடுக்கக் கற்க வேண்டியது இந்த இரண்டு சொற்களின் பொருளைத்தான். "நான் எதுக்கு சார், அவனை மட்டும் எடுங்க" என்று சொல்லாத மனிதர் அங்கே ஒருவர்கூட இல்லை. சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுக்காதவரும் ஒருவர்கூட இல்லை. நாய்க்கு முதலில் பவுடர் போடுவார்கள். மிச்சம் தங்கள் கழுத்துக்கு. வெள்ளை பொமரேனியனோடு வந்த ஒரு பெரியவர், நாயைத் தூக்கித் தன் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "இப்ப எடுங்க, நான் வர்றதா இருந்தா வரட்டும்" என்றார்.

ஒரு பக்கோடு வந்த கணவன் மனைவியை மறக்க முடியாது. அவர்களுக்குள் காலையிலிருந்து பேச்சில்லை போலிருக்கிறது. எல்லாம் பக் வழியாகத்தான் நடந்தது. "டாடிகிட்ட சொல்லுடா செல்லம், தண்ணி பாட்டில் கார்லயே இருக்குன்னு." "மம்மிகிட்ட சொல்லு, சாவி மம்மி பையிலதான் இருக்குன்னு." பக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் நெற்றியில் அத்தனை சுருக்கம் எப்படி வந்தது என்று எனக்கு அப்போது விளங்கியது. எங்கள் வீட்டில் அந்த வேலையை மகள் செய்கிறாள்.

அந்த மகள்தான், "அப்பா, கவனிச்சீங்களா? எல்லா நாயும் அவங்கவங்க ஓனர் மாதிரியே இருக்கு" என்றாள். அவள் உளவியல் படிக்கிறாள். எதற்கும் ஓர் ஆய்வு வைத்திருப்பாள். கலிஃபோர்னியாவில் ராய், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2004-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். 45 நாய்களையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் தனித்தனியே படமெடுத்து, எந்த நாய் யாருடையது என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதி நாய்கள் 25-இல் 16-ஐச் சரியாகச் சேர்த்துவிட்டார்கள். கலப்பின நாய்களில் குருட்டாம்போக்குதான். கூடவே வாழ்ந்து வாழ்ந்து முகம் ஒத்துப்போவதில்லை; தன்னைப் போல இருப்பதைத்தான் மனிதன் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான் என்பது அவர்கள் முடிவு. ஜப்பானில் நகாஜிமா என்பவர் 2013-இல் இன்னும் ஒரு படி போனார். படத்தில் வாயை மறைத்தாலும் ஜோடி சேர்க்க முடிகிறது, கண்ணை மறைத்தால் முடிவதில்லை. ஒற்றுமை கண்ணில் இருக்கிறதாம்.

சுற்றிப் பார்த்தேன். நரைத்த தாடிக்காரர் கையில் ஷ்னாசர். ஒல்லியாக, உயரமாக, யாரோடும் பேசாத ஓர் இளைஞர் கையில் கறுப்பும் பழுப்புமான கன்னி நாய், அதுவும் அதே போல. சென்னையிலிருந்து வந்த ஒரு ஹஸ்கி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தோலோடு சமாதானமாகி ஊட்டிக் குளிரை ரசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர் அதே சுகத்தில் கண்ணை மூடியிருந்தார். "நாம ஒரு நாய் வளர்த்தா எப்படிப்பா இருக்கும்?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பஜ்ஜியோடு திரும்பிவந்த மனைவி, "தவணையில வாங்குவாரு" என்றாள்.

ரிங்கில் போட்டி தொடங்கியது. கோட்டும் டையும் போட்ட ஹேண்ட்லர்கள் நாயின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கழுத்தை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, கொலு பொம்மை வைப்பது போல நிறுத்துகிறார்கள். நீதிபதி வந்து பல்லைப் பார்க்கிறார், முதுகைத் தடவுகிறார், ஒரு சுற்று ஓடச் சொல்லி நடையைப் பார்க்கிறார். பெண் பார்க்கும் படலம்தான்; பாடத் தெரியுமா என்று மட்டும் கேட்பதில்லை. இந்தக் கலை 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில், போயின்டர், செட்டர் என்ற இரண்டே இன வேட்டை நாய்களோடு ஆரம்பித்தது. பரிசு துப்பாக்கி. அதில் செட்டர் இனத்துக்கு நீதிபதியாக இருந்தவரின் நாய் போயின்டரில் முதல் பரிசு வாங்கியது. போயின்டர் நீதிபதியின் நாய் செட்டரில் முதல் பரிசு வாங்கியது. முதல் கண்காட்சியிலேயே விஷயம் இவ்வளவு முதிர்ச்சி அடைந்துவிட்டது.

ரிங்குக்கு வெளியே நின்று நான் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தபோது மலை இருட்டியது. ஊட்டி மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. மூடுபனி வந்து மூக்கைத் தொட்ட அடுத்த நிமிடம் சடசடவென்று கொட்டும். மைதானம் முழுக்க ஓட்டம். தன் கோட்டைக் கழற்றி நாய்க்குப் போர்த்திய ஹேண்ட்லர், ஆப்கன் கூந்தலுக்கு முந்தானை பிடித்த அம்மாள், பேச்சில்லாத தம்பதி இரண்டு பேரும் ஒரே குடைக்குள், நடுவில் பக். நான் விடவில்லை. இதுதான் கலைஞனுக்கான நேரம் என்று புல்லில் குப்புற விழுந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். ஆச்சரியம், மழை என்னை நனைத்ததே தவிர, கேமராவில் ஒரு சொட்டு விழவில்லை. விலை உயர்ந்த கேமரா என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிப் பார்த்தபோது மொத்தம் 412 படங்கள். இருபத்துமூன்று பேர் வாட்ஸ்அப் எண் கொடுத்திருந்தார்கள், அனுப்பினேன். "அவனை மட்டும் எடுங்க" என்று சொன்ன சீசர் அப்பாவிடமிருந்து முதல் பதில்: "வயிறு ரொம்பத் தெரியுது சார், வேற இருக்கா?" சீசருக்கு வயிறே இல்லையே என்று எழுதினேன். "என்னோடது" என்றார். பொமரேனியன் பெரியவர், "நான் கண்ணை மூடிட்டேன்" என்றார். நாய் கண்ணை மூடியதாக இருபத்துமூன்று பேரில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. கறுப்பு லாப்ரடார்காரர் மட்டும், "இன்னும் கொஞ்சம் கறுப்பாக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அவர் மேல் எனக்கிருந்த மரியாதை கூடியது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "அப்பா, ஒண்ணுலகூட யாருமே கேமராவைப் பார்க்கலை" என்றாள். உண்மைதான். போஸ் கொடுக்கக் கூப்பிட்டவர்கள்கூட, நான் அழுத்திய நொடியில் குனிந்து நாயைப் பார்த்துவிட்டிருக்கிறார்கள். நாய்கள் ஹேண்ட்லரின் கோட்டுப் பையைப் பார்க்கின்றன. அதில் வேகவைத்த ஈரல் இருக்கிறது. பக் தம்பதி குடைக்குள் பக்கைப் பார்க்கிறார்கள். பக் மழையைப் பார்க்கிறது. 412 படத்தில் ஒரு ஜோடிக் கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. எர்விட் போலக் குரைத்தும் பயனில்லை.

"நான் ஒண்ணு எடுத்தேன்" என்று மகள் தன் செல்போனை நீட்டினாள்.

மழை. புல்லில் ஒருவன் குப்புறக் கிடக்கிறான்; பின்பக்கம் முழுக்கச் சேறு. அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து நின்று குடை பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் தலையும் புடவையும் தொப்பலாக நனைந்திருக்கின்றன. அவன் முதுகில் மழை நேராகக் கொட்டுகிறது. கேமரா இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும், பிசகாமல், குடை. கலங்கிவிட்டேன். குழந்தைக்குப் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறாளே! மலர்க் கண்காட்சிக்கு என்று கூட்டிப் போய் நாயைக் காட்டியவனுக்கு, குரைத்து மானத்தை வாங்கியவனுக்கு, ஒரு சொல் பேசாமல் இப்படி நின்றிருக்கிறாளே! படத்தைப் பெரிதாக்கி அவள் கண்ணைப் பார்த்தேன். எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது என்று ஜப்பான்காரர் சொன்னாரே.

அடுப்படிக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். "இதுல நீ யாரைப் பார்த்துட்டு நிக்கறே?" என்று, பதில் தெரிந்தவன் போல, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு நொடி பார்த்தாள்.

"இன்னும் 11 டியூ இருக்குல்ல?" என்றாள்.